கேட்காமல் வைத்திருந்த கடைசிப் பகுதி

ஐந்து வாரமாகப் பூட்டு ஒரு கதையின் முடிவைக் கேட்காமல் வைத்திருந்தாள். போனில் ஒரு விரல் பட்டால் போதும், முப்பத்தாறு நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். விரல் அந்தப் பக்கம் போகும். ‘ஏழாம் நம்பர் தபால் பெட்டி, பகுதி இருபத்து நான்கு, இறுதி’ என்ற எழுத்தைத் தடவிப் பார்க்கும். அவ்வளவுதான், திரும்பி வந்துவிடும்.

பூட்டு என்பது சலவைக்கூடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். நான்கைந்து ஆஸ்பத்திரிகளின் துணியெல்லாம் வந்து குவியும் பெரிய கூடம் அது. ஒரு முனையில் அழுக்கு மூட்டையாக உள்ளே வரும். மறுமுனையில் வெள்ளை வெளேரென்று அடுக்காக வண்டி ஏறும். அவள் இருந்தது மடிக்கும் பிரிவில். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த சொற்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ‘சரி’, ‘ம்’, ‘இந்தாங்க’. அதிலும் ‘இந்தாங்க’ இரண்டு தடவைதான்.

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஓர் உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். நடுவில் விரல்கள் சந்திக்கும். ஒருத்தி முனைகளை ஒப்படைப்பாள், மற்றவள் வாங்கிக்கொள்வாள். மறுபடி பின்னால் போய் அடுத்த விரிப்பு. ஒரு ஷிஃப்டுக்கு முந்நூறு விரிப்பு. அதாவது, ஒரு நாளைக்கு முந்நூறு தடவை ஒரு முகம் எதிரில் நடந்து வரும்.

மூன்று வருடம் அந்த முகம் கிலுகிலுவின் முகமாக இருந்தது. அதுவும் கூடத்தார் வைத்த பெயர்தான். அவள் சிரிப்பு கிலுகிலுப்பையைக் குலுக்கின மாதிரி, ஆரம்பித்தால் நிற்காது.

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. இஸ்திரி உருளையில் துணி சிக்கினால் மணி அடிக்கும், அது எல்லோருக்கும் கேட்க வேண்டும். அதனால் ஒரு காது எப்போதும் திறந்திருக்க வேண்டும். பூட்டிடம் ஒரு ஜோடி இயர்பட் இருந்தது. ஒரு காதுக்குத்தான் அனுமதி என்றால் இன்னொன்று சும்மாதானே கிடக்கும்? சேர்ந்த இரண்டாம் மாதம் அவள் ஒன்றும் சொல்லாமல் அதை நீட்டினாள். கிலுகிலு வாங்கி மாட்டிக்கொண்டாள்.

“என்னடி இது, யாரோ பொம்பள கதை படிக்கிறா?”

“ம்.”

“பாட்டு கிடையாதா?”

பூட்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். இருபது விரிப்பு வரைக்கும் கிலுகிலு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்றாவது விரிப்பில் கையை அப்படியே நிறுத்தி, “அடிப்பாவி, அந்த மோதிரத்தை எடுத்தது அவ கொழுந்தனா!” என்று கத்தினாள். மேற்பார்வை அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் வந்தது. டீ மணிக்கு முன்னால் கதை, அது பூட்டின் பங்கு. டீக்குப் பின்னால் சிரிப்பு, அது கிலுகிலுவின் பங்கு. கிலுகிலு பிடித்துக்கொண்டு வந்தது ‘மச்சானும் மைக்கும்’ என்ற பாட்காஸ்ட். அக்கா தங்கையைக் கட்டிய இரண்டு ஆண்கள் வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து சண்டை போடுவார்கள். மாமனார் வீட்டு சோபாவை மாடிக்கு ஏற்றின கதை ஒன்று உண்டு. அதைக் கேட்ட நாளில் கிலுகிலு சிரித்த சிரிப்பில் விரிப்பின் முனை நழுவித் தரையைத் தொட்டது. தரையைத் தொட்டால் மறுபடி சலவைக்குத்தான். அன்றைக்கு மட்டும் நாலு விரிப்பு போயிற்று.

“உங்க சிரிப்புக்குத் தனியா ஒரு மெஷின் போடணும்டி” என்றாள் மேற்பார்வை அக்கா. பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, “அது என்ன புரோகிராம்?” என்றாள்.

இப்படித்தான் அது பரவியது. ஆளாளுக்கு வந்து கேட்க ஆரம்பித்தார்கள். பூட்டுக்கு வாயால் சொல்ல வராது. வார்டு பெயர் எழுதி மூட்டையில் கட்டும் அட்டைச் சீட்டு இருக்கிறதே, அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பாள். யாருக்கு எது பொருந்தும் என்பதில் அவள் கை தவறாது. புதிதாகக் கதை கேட்பவருக்குத் தொடர்கதை கொடுக்கக்கூடாது. பதினைந்து நிமிடக் கதையாக இருக்கவேண்டும், அதில் யாராவது எதையாவது தொலைத்திருக்க வேண்டும். ஒரு பொருளைத் தொலைத்துத் தேடாத மனிதர் உண்டா? இஸ்திரி உருளை அண்ணனுக்குப் பேய்க்கதை. அந்த உருளையின் இரைச்சலில் மற்றது எதுவும் காதில் ஏறாது. வண்டி ஓட்டுபவருக்கு ‘மச்சானும் மைக்கும்’ வேண்டாம், சிரித்தால் வண்டி கோணும். அவருக்கு மெதுவாகப் பேசும் ‘பஞ்சாயத்து இல்லாத திண்டாட்டம்’. மேற்பார்வை அக்காவுக்கு, மாமியார் வராத நகைச்சுவை எதுவானாலும்.

“எனக்கு மட்டும் ஏன்டி சீட்டு எழுதித் தரமாட்டேங்கிற?” என்று கிலுகிலு ஒருநாள் கேட்டாள்.

“உனக்கு எதுக்கு? எதிர்லதானே நிக்கிற” என்றாள் பூட்டு. அவள் பேசியதிலேயே நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

மூன்றாம் வருடம் ‘ஏழாம் நம்பர் தபால் பெட்டி’ ஆரம்பித்தது. ஒரு பெண் புது வீட்டுக்குக் குடிவருகிறாள். முன்பு குடியிருந்தவளின் பெயருக்கு வாரம் ஒரு கடிதம் வருகிறது, அனுப்புகிறவர் பெயர் இல்லை. யார் எழுதுகிறார்கள்? கிலுகிலு, “அவ அம்மாதான், வேற யாரு இவ்வளவு திட்டுவாங்க?” என்றாள். பூட்டுக்கு வேறொரு சந்தேகம். பழைய குடித்தனக்காரியே தனக்குத்தானே எழுதிக்கொள்கிறாள் என்று நினைத்தாள். இருபத்து மூன்று வாரம் இதே பேச்சு.

இருபத்து மூன்றாம் பகுதி வந்த வாரத்தில் கிலுகிலுவின் கணவருக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. பத்து நாளில் கிளம்ப வேண்டும். இறுதிப் பகுதியோ ஒரு மாதம் கழித்துத்தான் வரும் என்று அறிவித்திருந்தார்கள். கடைசி நாள், கடைசி விரிப்பில் முனைகளை ஒப்படைக்கும்போது கிலுகிலு விரலை விடவில்லை.

“கடைசிப் பகுதி வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேக்கணும். போன்ல. தனியா கேட்ட, அங்கேருந்து வந்து உதைப்பேன்.”

“ம்.”

“‘ம்’மாம் ‘ம்’! வாயைத் திறந்து சொல்லுடி.”

“சத்தியமா கேக்கமாட்டேன்.”

போன புதிதில் தினமும் பேச்சு வந்தது. பிறகு இரண்டு நாளுக்கு ஒன்று. அப்புறம் வாரத்துக்கு ஒரு தகவல், அதுவும் ‘வேலை ஜாஸ்திடி’ என்று. பிறகு வெறும் கட்டைவிரல் படம். பூட்டு எழுதி எழுதி அழிப்பாள். என்ன எழுதுவது? ‘நீ இல்லாமல் இங்கே ஒன்றும் நன்றாயில்லை’ என்று எழுதினால், போனவளுக்கு அது ஒரு சுமை. எழுதாவிட்டால் இவளுக்குச் சுமை.

எதிரில் இப்போது வண்டி ஓட்டுபவரின் மனைவி நின்றாள்; கூடத்தில் அவளை டிரைவர் அக்கா என்பார்கள். டிரைவர் அக்கா நல்லவள். ஆனால் பத்து நிமிடக் கதையில் ஒன்பது கேள்வி கேட்பாள். “இவங்கள்லாம் யாரு, உனக்குத் தெரிஞ்சவங்களா?” என்பாள். “அவன் செத்துட்டானா? அப்போ இவ்வளவு நேரம் எதுக்குப் பேசினான்?” என்பாள். மூன்றாம் நாள் இயர்பட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “எனக்கு என் வீட்டுச் சத்தமே போதும்மா” என்று கும்பிட்டாள்.

ஒரே ஒரு வழி மட்டும் மிச்சமிருந்தது. கிலுகிலுவின் போனில் பாட்காஸ்ட் ஆப்பைப் போட்டுக் கொடுத்தது பூட்டுதான். புதுக் கணக்கு திறக்கச் சோம்பல்பட்டு, தன் கணக்கையே அதிலும் போட்டுவிட்டாள். அதனால் அங்கே கிலுகிலு எதைக் கேட்டாலும் இங்கே பூட்டின் போனில் தெரியும். எது, எவ்வளவு தூரம், எங்கே நிறுத்தினாள், எல்லாம். கிலுகிலுவுக்கு இது தெரியாது. பூட்டும் சொல்லவில்லை. முதலில் மறந்துபோனாள். பிறகு, சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் ஒவ்வொன்றும் எவ்வளவு ஓடியது என்று காட்டும் அந்தக் கோடுகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் குழப்பமாக இருந்தது. ‘மச்சானும் மைக்கும்’ புதிதாக எட்டு வந்திருந்தது, ஒன்றைக்கூடக் கிலுகிலு தொடவில்லை. பழைய சோபா கதையைக்கூட. வேறு நல்ல நகைச்சுவையாகத் தேடித் தேடிக் கேட்கவேண்டிய வரிசையில் பூட்டு சேர்த்து வைத்தாள். எல்லாம் சேர்த்தது சேர்த்தபடி கிடந்தன. கிலுகிலு கேட்டதெல்லாம் கதை. அதுவும் புதிது இல்லை; கூடத்தில் சேர்ந்து கேட்டு முடித்த பழைய கதைகள். மோதிரத்தைக் கொழுந்தன் எடுத்த கதையை மூன்று தடவை கேட்டிருந்தாள். சிரித்தே விரிப்பைத் தரையில் போட்டவள் சிரிப்பைத் தொடவே இல்லை என்றால் என்ன அர்த்தம்? போனில் கேட்டால், “நல்லாத்தான்டி இருக்கேன், ஜம்முனு இருக்கேன்” என்பாள்.

இறுதிப் பகுதி வெளிவந்த அன்றே பூட்டு தகவல் அனுப்பினாள். ‘இந்த வாரம் லீவு இல்லடி’ என்று பதில். அடுத்த வாரம் பூட்டின் அண்ணி ஊருக்குப் போய்விட்டாள். கதை ஓட ஒரு போன், பேச இன்னொரு போன் வேண்டும்; அண்ணியின் போன் இல்லாமல் முடியாது. மூன்றாம் வாரம் கிலுகிலு மறந்தாள். நான்காம் வாரம் பூட்டே தள்ளிப்போட்டாள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. இருவரும் சேர்ந்து செய்யவேண்டியது என்று உலகத்தில் இது ஒன்றுதான் பாக்கி. இதையும் கேட்டு முடித்துவிட்டால், அதற்கு அப்புறம் அவள் எதற்காகப் போன் செய்வாள்?

ஐந்தாம் வாரம் வியாழக்கிழமை, டீ இடைவேளையில் போனைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ‘பகுதி இருபத்து நான்கு, இறுதி’ என்பதற்குப் பக்கத்தில் டிக் விழுந்திருந்தது. முப்பத்தாறு நிமிடமும் ஓடி முடிந்திருந்தது.

டீ ஆறிப்போனது. “என்னம்மா, யாருக்கு என்ன?” என்று டிரைவர் அக்கா தோளைத் தொட்டாள். “ஒண்ணுமில்லக்கா” என்றாள் பூட்டு. அன்று மதியம் அவளே மூன்று விரிப்பைத் தரையில் விட்டாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதற்குள் பந்தி முடிந்துபோன மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை கிலுகிலுவிடமிருந்து தகவல் வந்தது. ‘ஞாயித்துக்கிழமை கண்டிப்பா கேக்கலாம்டி. இங்க அஞ்சு மணிக்கு வேலை விட்டுடுவேன். பஸ் ஸ்டாப்ல இருந்து பேசுறேன்.’

பூட்டு அதை ஏழெட்டுத் தடவை படித்தாள். கேட்டு முடித்துவிட்டு எதற்குக் கூப்பிடுகிறாள்? ‘கேட்டுவிட்டாயே’ என்று எழுதினாள். அழித்தாள். ‘சரி’ என்று அனுப்பினாள்.

ஞாயிறு, இங்கே மதியம் பன்னிரண்டு. பூட்டு அண்ணியின் போனைக் கேட்டு வாங்கினாள்.

“உன்கிட்டதான் ஒண்ணு இருக்கே?”

“அதுல கதை ஓடும் அண்ணி. இதுல அவ கேப்பா.”

“போன்ல ஓடுறதை இன்னொரு போன் கேக்குமா? நல்ல குடும்பம்டா சாமி” என்று அண்ணி கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

பூட்டு மாடிப்படியின் நடு வளைவில் உட்கார்ந்தாள். இரண்டு போனையும் படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் மணியிலேயே கிலுகிலு எடுத்துவிட்டாள். பின்னால் வண்டிகளின் இரைச்சல், காற்று.

“பூட்டு! என்னடி, இளைச்சுட்டியா?”

“போன்ல எப்படித் தெரியும்?”

“குரல் இளைச்சிருக்கு. சரி சரி, போடு. எனக்கு முக்கால் மணி நேரம் இருக்கு.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா ஒண்ணு, ரொம்ப எதிர்பார்க்காதடி. இந்த மாதிரித் தொடரெல்லாம் கடைசில சொதப்புவாங்க. சும்மா சொல்றேன்.”

பூட்டு கதையைத் தட்டினாள்.

அந்த ஆரம்ப இசை வந்தது. அப்புறம் படியேறும் காலடி. புதுக் குடித்தனக்காரிக்கு ஒரு தகவல்: கடிதம் எழுதுகிறவர் இன்று நேரில் வருகிறார். கிலுகிலு, “அம்மாதான், பாரேன்” என்றாள். “ஐயோ, கையெல்லாம் நடுங்குதுடி” என்றாள். கொஞ்சம் அதிகமாகவே சொன்னாள். பத்து நிமிடம், இருபது நிமிடம். காலடி மேலே வருகிறது. நிற்கிறது.

“ஐயோ!” என்றாள் கிலுகிலு.

அதற்குப் பிறகுதான் கதையில் கதவு தட்டப்பட்டது.

இங்கிருந்து கடல் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற குரல், ஒரு நொடியாவது பிந்தி வரவேண்டும். இது முந்தி வந்தது. டிக்கை மறந்துவிடலாம் என்று வெள்ளியிலிருந்து முயன்றுகொண்டிருந்த பூட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு மீதிக் கதையைக் கேட்டாள்.

கதவைத் திறந்தால் நிற்பது பெயின்ட் அடிக்கிறவர். தபால் பெட்டிகளுக்கெல்லாம் புது வண்ணம், புது எண். ஏழு இனி பதினொன்று. கடிதம் எழுதியவர் வரவேயில்லை. இனிமேல் கடிதமும் வராது. யார் எழுதினார்கள் என்று கடைசிவரை சொல்லவும் இல்லை. மிச்ச ஏழு நிமிடம் நன்றி, நன்றி, நன்றி. ஒலிப்பதிவுக் கூடத்தின் காவலாளிக்குக்கூட நன்றி.

கீழே அண்ணி துணி உதறும் சத்தம் மட்டும்.

“ஐயோ, இப்படி முடிப்பான்னு நான் நினைக்கவே இல்லடி!” என்றாள் கிலுகிலு. “இதுக்கா இருபத்து நாலு வாரம்? அவனை...”

“ரெண்டாவது தடவையும் அதே எரிச்சல் வருதா?” என்றாள் பூட்டு.

கிலுகிலுவின் குரல் இறங்கியது.

“எப்படித் தெரியும்?”

“ஒரே கணக்குதானே. நீ கேக்குறதெல்லாம் எனக்குத் தெரியும்.”

“எல்லாமேவா?”

“எல்லாமே. மோதிரக் கதை மூணு தடவை.”

“அடிப்பாவி!” என்று கிலுகிலு சிரிக்க ஆரம்பித்தாள். கிலுகிலுப்பை இரண்டு குலுக்கு குலுங்கி நின்றுவிட்டது. “அந்த டிக் எல்லாம் அதுவா விழுந்துக்கும்னு நினைச்சேன்டி, மச்சானுங்க பக்கத்துலகூட விழுந்திருந்துச்சு, நான் கேக்கவே இல்லையே!”

“அது நான் கேட்டது.”

“நீயா? உனக்குத்தான் அவனுங்களைப் பிடிக்காதே?”

“பிடிக்கல. நீ எங்க சிரிப்பன்னு பார்க்கக் கேட்டேன்.”

கிலுகிலு பேச்சை நிறுத்திவிட்டாள். பூட்டு காத்திருந்தாள். பேசாமல் காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இன்று அது முடியவில்லை.

“ஏன்டி தனியா கேட்ட?” என்றாள்.

“இங்கேயும் அதே வேலைதான்டி. ஓட்டல் துணி. ஆனா மடிக்கிறது மெஷின். நான் இந்தப் பக்கம் நிக்கிறேன், அது மடிச்சு மடிச்சுத் துப்புது, எடுத்து அடுக்குறேன். எதிர்ல ஆளே கிடையாது. பக்கத்துல நிக்கிறவ பேசுற பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. மச்சானுங்களைப் போட்டா சிரிப்பு வருது, ஆனா நிமிர்ந்து யார் முகத்தைப் பார்க்கிறது? தனியா சிரிச்சா லூசுன்னு நினைக்கிறாங்க. வியாழக்கிழமை உன் கதை ஒண்ணு முடிஞ்சு, அதுவா அடுத்தது ஓட ஆரம்பிச்சுடுச்சு. அந்த மியூசிக் வந்துச்சா... நிறுத்தணும்னுதான் போனேன். உன் கை எதிர்ல நீட்டிட்டு வர்ற மாதிரியே இருந்துச்சு. நிறுத்தல.”

பூட்டு படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“முடிஞ்சதும்தான் பயம் வந்துச்சு. கேட்டுட்டேன்னு சொன்னா, அப்புறம் நீ எதுக்குக் கூப்பிடுவ? நீதான் தானா பேசவே மாட்டியே. அதான் கேக்காத மாதிரி...” மூக்கை உறிஞ்சினாள். “நடிப்பு நல்லா இருந்துச்சா?”

“கேவலமா இருந்துச்சு. கதவு தட்டுறதுக்கு முன்னாடியே ஐயோங்கிற.”

இந்தத் தடவை சிரிப்பு நிற்கவில்லை. பூட்டும் சிரித்தாள். கீழேயிருந்து அண்ணி, “யாரு அது சிரிக்கிறது? நம்ம வீட்டுலயா?” என்று எட்டிப் பார்த்தாள்.

சிரிப்பு அடங்கியது. ஐந்து வாரமாகப் பாக்கி வைத்திருந்தது முடிந்துபோயிற்று. யார் எழுதினார்கள் என்று தெரியாமலே முடிந்துபோயிற்று. இப்போது கிலுகிலு போனை வைத்துவிடுவாள். அடுத்தது என்ன என்று இருவருக்கும் தெரியாது.

அந்தப் பக்கம் பெரிய வண்டி ஒன்று வந்து நின்று மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

“பஸ் வந்துடுச்சுடி” என்றாள் கிலுகிலு.

“ம்” என்று வாய் வரை வந்ததைப் பூட்டு விழுங்கினாள். “டிரைவர் அக்கா என்ன பண்ணாங்க தெரியுமா?” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “பேய்க்கதை கேட்டாங்க. இஸ்திரி அண்ணன் கொடுத்தாரு. பேய் வந்ததும் விரிப்பைத் தூக்கித் தலையோட போர்த்திக்கிட்டாங்க. அப்போ பார்த்து ஆஸ்பத்திரியில இருந்து யாரோ பெரிய ஆள் உள்ள வர்றாரு...”

“ஐயையோ, அப்புறம்?”

“இரு, அதுக்கு முன்னாடி அவர் எதுக்கு வந்தாருன்னு சொல்லணும்...”

சொல்லிக்கொண்டே பூட்டு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பஸ்ஸின் கதவு மூடும் சத்தம். அது கிளம்பி, இரைந்து, தேய்ந்து போகும் சத்தம். அதற்குப் பிறகும் அதே காற்று, அதே தெரு.

“ஏறலையா?”

“அடுத்தது ஒரு மணி நேரத்துல வரும்” என்றாள் கிலுகிலு. “நீ சொல்லு. பெரிய ஆள் எதுக்கு வந்தாரு?”